ஓடம் வண்டியில் ஏறும்போது...

‘ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்’ என்பார்கள். வாழ்க்கையின் மேடு பள்ளத்துக்குச் சொல்லும் பழமொழி. கடற்கரையில் பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால் லேசாகச் சிரிப்பார்கள். ஓடம் வண்டியில் இருக்கும்வரை தொல்லை இல்லை. தண்ணீரில் இருக்கும்போதும் தொல்லை இல்லை. வண்டியிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து வண்டிக்கும் மாறுகிற அந்த இருபது முப்பது அடிதான் ஆளைச் சோதிக்கும்!

வள்ளுவரும் ‘இடனறிதல்’ அதிகாரத்தில் தேரையும் நாவாயையும் அருகருகே நிறுத்திவைத்துத்தான் யோசிக்க வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம். இரண்டு இடமும் சந்திக்கிற கரையில் எதன் பலம் செல்லும் என்பதுதான் கேள்வி.

தள்ளியே தேய்ந்த இடுப்புகள்

தூத்துக்குடிக் கரையில் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. நகருக்கு எதிரே இருக்கும் தீவுகளும் பவளப்பாறைத் திட்டுகளும் அலையின் வேகத்தைத் தணித்துவிடுகின்றன. அதனால் திரேஸ்புரம் பக்கம் வள்ளங்கள் பெரும்பாலும் மிதந்தபடியேதான் கட்டிக் கிடக்கும். அடிப்பக்கம் சுரண்டவும், பழுது பார்க்கவும், வண்ணம் பூசவும்தான் கரைக்கு ஏறும். பெரிய கப்பல்களுக்கோ இந்தத் தொல்லையே கிடையாது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகத்தின் இரண்டு அலைதடுப்புச் சுவர்களும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டு, அமைதியான தண்ணீரை அவற்றுக்கு உண்டாக்கித் தருகின்றன.

தெற்கே மணப்பாடு, பெரியதாழை என்று போனால் கதை வேறு. அங்கே அலை நேராக மணலில் வந்து விழும். முன்பெல்லாம் அந்த அலையைக் கடக்கக் கட்டுமரம் இருந்தது. மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டினால் படகு, கரைக்கு வந்து அவிழ்த்துவிட்டால் வெறும் மரங்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி மணலில் காயப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கரையேற்றும் சிக்கலை, படகையே பிரித்துப்போட்டுத் தீர்த்த புத்தி அது!

வள்ளம் அப்படிப் பிரியாது. பத்துப் பதினைந்து பேர் இரண்டு பக்கமும் தோள்கொடுத்து, அடியில் உருளைக்கட்டை போட்டு, ‘அம்பா’ பாடித் தள்ள வேண்டும். அம்பா பாடுவது பொழுதுபோக்குக்கு அல்ல. அத்தனை பேரின் பலமும் ஒரே நொடியில் விழுவதற்கு. ஒருவர் முந்தி, ஒருவர் பிந்தித் தள்ளினால் படகு நகராது, இடுப்புதான் நகரும். இந்தக் கரையில் ஐம்பது வயதைத் தாண்டிய பல ஆண்களின் இடுப்புவலிக்குக் காரணம் கடலல்ல, மணல்.

1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் தொடங்கியபோது, அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று, அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை வடிவமைப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. இன்று பல கடலோர ஊர்களில் அம்பாவுக்குப் பதில் டிராக்டர் சத்தம்தான் கேட்கிறது.

கடல் கடந்து போன கதை

இந்தக் கரையில் பிறந்து, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் வாழும் ஒரு தம்பதிக்கு இந்த இருபது அடிப் பாடம் வேறு விதமாகக் காத்திருந்தது.

மனைவி செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய அப்பா வள்ளம் தள்ளித் தள்ளியே இடுப்பு ஒடிந்து, கடைசிப் பத்து வருடங்களைத் திண்ணையில் கழித்தவர். தம்பி இன்றும் திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருக்கிறார். கணவருக்கு 63 வயது, பட்டறையில் வேலை பார்த்தவர். பேரக்குழந்தைகளோடு ஊர் சுற்ற ஒரு கேரவன் வாங்கினார். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி நினைவுக்கு வரும். இது அதில் பாதி. வேன் ஒன்றின் மேல் கட்டிய குட்டி வீடு: அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. ஐரோப்பாவில் இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை ஃபியட் டுகாட்டோ வேனின் அடித்தளத்தில் கட்டப்படுபவை. அவற்றில் இன்ஜினின் பலம் முன்சக்கரங்களுக்குத்தான் போகும். பின்சக்கரங்கள் சும்மா கூடவே உருண்டு வரும்.

கேரவன் வந்த பிறகு சின்ன ஃபைபர் படகு ஒன்றும் வந்தது. ‘பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டணும்’ என்ற ஆசை. படகு, அதன் மோட்டார், டிரெய்லர் மூன்றும் சேர்ந்து 600 கிலோ. கேரவன் இழுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருந்த அளவுக்குள்தான் இருந்தது. சாலையில் அழகாகப் பின்னாலேயே வந்தது.

சாய்தளத்தில்தான் விஷயம் புரிந்தது.

அன்று கடல் வற்றிக் கிடந்த நேரம். நீளமான கான்கிரீட் சரிவு முழுக்க வெளியே தெரிந்தது. கேரவனைப் பின்பக்கமாக இறக்கி, டிரெய்லரைத் தண்ணீருக்குள் விட்டதும் படகு தானாக மிதந்துகொண்டது. அதுவரை எல்லாம் சரி. காலி டிரெய்லரோடு மேலே ஏறலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பச்சைப் பாசி பிசிறியடித்தது. வண்டி ஏறவில்லை. அரை அடி கீழே வழுக்கியது.

மேலே மனைவி, பேத்தியின் கையைப் பிடித்தபடி நின்றார். கடல் ஏற ஆரம்பித்திருந்தது.

ஓதம் என்னும் கடிகாரம்

தூத்துக்குடிக்காரர்களுக்குக் காற்று தெரியும். வாடை எப்போது, கச்சான் எப்போது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வலையைத் தொட்டே சொல்வார்கள். ஆனால், ஓதம் அவர்களைப் பயமுறுத்தியதில்லை. மன்னார் வளைகுடாவில் கடல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை.

வேல்ஸின் தென்கரையிலோ பெரிய ஓத நாட்களில் அந்த வித்தியாசம் 10 மீட்டரைத் தாண்டும். மூன்று மாடி உயரம்! ஆறு மணி நேரத்தில் அவ்வளவு தண்ணீர் ஏற வேண்டும். தொடக்கத்தில் மெதுவாக ஏறி, நடுவில் வேகமெடுத்து, கடைசியில் மறுபடி மெதுவாகும். 10 மீட்டர் ஓதம் என்றால், அந்த வேகமான நேரத்தில் ஒரு மணிக்கு இரண்டரை மீட்டர் உயரம். எட்டடிக்கு ஓரடி என்ற கணக்கில் உயரும் சாய்தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்... ஒரு மணிக்கு 20 மீட்டர் தூரம் தண்ணீர் மேலேறி வரும். மூன்று நிமிடத்துக்கு ஒரு மீட்டர்! வழுக்கி நிற்கிற வண்டிக்கு அது நடந்து வருகிற மரணம்.

அன்று மேலே நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவர், தன் நான்குசக்கர இயக்க ஜீப்பைக் கொண்டுவந்து, கயிறு கட்டி கேரவனை இழுத்துப் போட்டார். பின் டயரின் பாதிவரை தண்ணீர் வந்துவிட்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழி முழுக்க மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார்: “ஏங்க, அந்தப் படக வித்துடுங்க. எங்கப்பாவ இந்த வேலதான் முடக்கிப் போட்டுச்சு.”

வண்டி தன்னையே தூக்குகிறது

ஏன் ஏறவில்லை? படகு தண்ணீரில் இருந்தது, டிரெய்லர் காலி. பாரமே இல்லையே?

பாரம் கேரவன்தான். ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். கேரவன் 3,200 கிலோ, காலி டிரெய்லர் 180 கிலோ என்று வையுங்கள். எட்டுக்கு ஒன்று சரிவில், மொத்த எடையில் எட்டில் ஒரு பங்கு வண்டியைக் கீழே இழுக்கும். கேரவனுக்கு மட்டுமே 400 கிலோ. டிரெய்லருக்கு வெறும் 22 கிலோ. ஆக, முன்சக்கரங்கள் 422 கிலோ அளவுக்குத் தரையைப் பிடித்துத் தள்ள வேண்டும்.

அந்தப் பிடிமானம் முன்சக்கரங்களின் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. சமதளத்தில் முன்பக்கம் 1,400 கிலோ அழுத்தினால், சரிவில் நிற்கும்போது எடை பின்னால் சாய்ந்து சுமார் 100 கிலோ குறைந்துவிடும். போதாக்குறைக்கு டிரெய்லர் கொக்கி, பின்சக்கரத்துக்கு வெகுதூரம் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் சீசா பலகை மாதிரி, பின்னால் அழுத்தினால் முன்பக்கம் தூக்கும். மிஞ்சுவது 1,300 கிலோவுக்கும் கீழே. காய்ந்த கான்கிரீட்டில் அந்த எடையில் பத்தில் ஏழு பங்கு பிடிமானமாகக் கிடைக்கும், தாராளமாக ஏறலாம். பாசி படிந்த ஈரத் தரையில் கால் பங்கு கிடைத்தாலே அதிகம். கால் பங்கு என்றால் 320 கிலோ சொச்சம். தேவை 422. வண்டி எப்படி ஏறும்?

முன்சக்கர இயக்கம் என்றாலே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. சாய்தளத்தில் பின்பக்கமாக இறங்கும்போது முன்சக்கரங்கள்தான் தண்ணீருக்கு எட்ட, மேலே இருக்கும். மேலே காய்ந்த தரை இருந்தால் அது ஒரு வசதியே. கடல் வற்றிய நேரத்தில் போனால்தான் நாலு சக்கரமும் பாசியில் நிற்கும். கைப்பிரேக்கும் உதவாது, அது பிடிப்பது பின்சக்கரங்களை, அவை நிற்பதோ ஆக வழுக்கலான இடத்தில்.

நெல்லைச் சீமையில் கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மாடுகள் தண்ணீரை மேலே இழுக்கும்போது சரிவில் கீழ்நோக்கி நடக்கும். மாட்டின் சொந்த எடையே பாரத்தை இழுக்க உதவும். சாய்தளத்தில் கேரவன் செய்வது நேர் எதிர். பாரத்தை இழுப்பதற்கு முன் தன்னையே தூக்க வேண்டியிருக்கிறது. படகும் டிரெய்லரில் ஏறிவிட்டால் தேவை 475 கிலோ. அதிலும் 400 கேரவனுக்கே போய்விடும்.

திரேஸ்புரத்திலிருந்து ஒரு யோசனை

படகை விற்பதற்கு முன் மச்சினனிடம் ஒரு வார்த்தை சொல்வோமே என்று வீடியோ காலில் கூப்பிட்டார் கணவர். சாய்தளத்தின் படத்தையும் அனுப்பினார்.

“அத்தான், வண்டிய எதுக்குத் தண்ணிக்குள்ள கொண்டு போறீங்க?”

“வண்டியிலதான டிரெய்லர் கட்டியிருக்கு மாப்ள. வண்டி போனாத்தான அதுவும் போவும்?”

“அவுத்து விடுங்க. டிரெய்லர் மட்டும் கீழ போவட்டும், வண்டி மேலயே நிக்கட்டும். நடுவுல கயித்தப் போட்டா தீந்துச்சு. இதுக்குப் போயி அக்கா அழுதுக்கிட்டு இருக்கா!”

இவ்வளவுதான் யோசனை. ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் அசந்துபோவீர்கள். கேரவன் மேலே காய்ந்த சமதளத்தில் நின்றால், தன்னைத் தூக்கும் 400 கிலோ வேலை அடியோடு மறைந்துவிடும். படகோடு டிரெய்லரை இழுக்கத் தேவை 75 கிலோ, சக்கரம் உருளும் தடையையும் சேர்த்தால் 100 கிலோ வரலாம். காய்ந்த தரையில் முன்சக்கரங்களிடம் அதைப்போல ஒன்பது மடங்கு பிடிமானம் இருக்கிறது.

இறக்கும்போது என்ன செய்வது? அதற்கும் பதில் தயாராக இருந்தது. “மேல ஒரு தூண் இருக்குல்லா, அதுல ரெண்டு சுத்து சுத்தி விடுங்க. தோணி கட்டுத மாதிரி.” கனமான கல்தூணில் கயிற்றை இரண்டு சுற்று சுற்றினால், உராய்வே பெரும்பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். 75 கிலோ இழுவையைச் சில கிலோ பலத்தோடு ஒருவர் நின்றபடி மெதுவாக விடலாம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தூத்துக்குடித் தோணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது.

“கட்ட மறந்திராதீங்க அத்தான். தேருக்குப் போடுதது.”

முட்டுக்கட்டை! ‘நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்’ என்று நாம் திட்டுகிற அதே கட்டைதான். திருச்செந்தூர்த் தேர் ஓடும்போது பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் கட்டை போடுபவர் கண்ணசந்தால் தேர் நிலைகொள்ளாது. சாய்தளத்திலும் அதேதான். கொக்கியிலிருந்து டிரெய்லரைக் கழற்றும் முன் அதன் சக்கரத்துக்குக் கட்டை. கேரவனின் சக்கரத்துக்கும் கட்டை. கயிறு இறுகிய பிறகுதான் டிரெய்லரின் கட்டையை எடுக்க வேண்டும்.

கயிறு பிடிக்கும் கை

இந்தக் கரையில் கயிற்றுக்கு வேறொரு கதையும் உண்டு. முத்துக்குளிக்கிறவர் கல்லைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்குவார். இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில் இருக்கும். கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். நொடி தாமதித்தாலும் உயிர் போகும். அதனால், அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். தன் தங்கையோ அக்காவோ தாலி அறுப்பதை எந்த அண்ணன் தம்பி பொறுப்பான்?

1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளோடு தூத்துக்குடியில் அந்தத் தொழில் நின்றுபோனது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால், மச்சினன் கயிறு பிடிக்கிற கதை மட்டும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அன்றைய போனின் முடிவில் தம்பி அக்காவிடம் பேசினார். “ஒனக்குப் பயமா இருந்தா, கயித்த நீயே பிடிக்கா. அத்தான் உன் சொல்பேச்சு கேட்டுத்தான் நிக்கணும்.” படகை விற்கும் பேச்சு அதோடு நின்றது.

இரண்டாம் முறை

அடுத்த தடவை ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் நிரம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போனார்கள். தண்ணீர் சாய்தளத்தின் மேற்பகுதிவரை வந்திருந்தது. பாசி படிந்த பகுதி பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டதால், கால் வைக்கக் காய்ந்த கான்கிரீட் கிடைத்தது. கயிறும் கொஞ்சம் போதும்.

போனதும் இறக்கவில்லை. அரை மணி நேரம் டீ குடித்தார்கள். நெடுந்தூரம் ஓடிய டிரெய்லரின் சக்கர பேரிங் சூடாக இருக்கும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் விட்டால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கிரீஸ் கெட்டு, துருப்பிடித்து, ஏதோ ஒரு நாள் நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று ஓடும். அந்த அரை மணியில் படகின் அடியில் இருக்கும் வடிகால் துளையை அடைத்தார்களா என்று பேத்தி சரிபார்த்தாள். படகுக்காரர்கள் அதிகம் மறக்கும் சின்ன விஷயம் அதுதான்.

டிரெய்லரின் மூக்குக்குக் கீழே சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அது இருந்தால்தான் கொக்கியிலிருந்து கழற்றிய பிறகும் உருளும். கயிறு தூணைச் சுற்றியது. மனைவி அதன் நுனியைப் பிடித்தார். கணவர் டிரெய்லரின் பக்கவாட்டில் நடந்து திசை பார்த்துக்கொண்டார். யாரும் டிரெய்லருக்குக் கீழ்ப்பக்கம் நிற்கவில்லை. அதை மட்டும் எவரும் மீறக் கூடாது. 600 கிலோ உருண்டு வந்தால் கையால் தடுக்க முடியாது, தடுக்கவும் முயலக் கூடாது.

“விடவா?”

“கொஞ்சம் விடு... நிறுத்து... விடு.”

படகு மிதந்தது. திரும்பி வந்ததும் கேரவனைச் சமதளத்தில் நிறுத்தி, கயிற்றின் ஒரு முனையை அதன் கொக்கியிலும் மறுமுனையை டிரெய்லரிலும் கட்டி, நடக்கும் வேகத்தில் ஓட்டினார் கணவர். முன்சக்கரம் ஒரு முறைகூட வழுக்கவில்லை. இழுக்கும்போது எல்லோரும் கயிற்றின் நேர்கோட்டைவிட்டு விலகி நின்றார்கள். நைலான் கயிறு ரப்பர்போல் நீண்டு, அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். வீட்டுக்குப் போனதும் டிரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவினார்கள்.

நம் ஊரில் செய்யலாமா?

கேட்கத் தோன்றும். நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம்தான். சின்னப் படகை இழுத்துப்போக முடியாதா?

முதலில், வண்டியின் கையேடு எவ்வளவு எடை இழுக்கலாம் என்று சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லவில்லை என்றால் இழுக்க வேண்டாம். இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவுப்படி டிரெய்லரையும் பதிவு செய்ய வேண்டும். வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது.

மூன்றாவது, மணல். கான்கிரீட்டில் பாசி செய்யும் வேலையை நம் கரையில் மணல் செய்கிறது. முன்சக்கரம் சுற்றச் சுற்றக் குழி தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். கடற்கரையில் காரைத் தண்ணீர் ஓரம் கொண்டுபோய்ப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அந்த ஊர் டிராக்டர்க்காரரிடம் கேட்டுக் கூலி கொடுத்து இறக்குவதே நல்லது. மணலில் எங்கே கால் புதையும், அன்றைக்கு அலை எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும்.

இறக்கிய பிறகும் தீவுகளுக்குக் கிளம்பிவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. துறைமுகப் பகுதிக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

அந்தத் தம்பதி ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாவுக்காகப் பேரப்பிள்ளைகளோடு தூத்துக்குடி வந்தபோது, மச்சினனின் வள்ளம் வண்ணம் பூசக் கரையேறிக்கொண்டிருந்தது. உருளைக்கட்டை, கயிறு, எட்டுப் பேர். ஒன்பது வயதுப் பேத்தி தானும் பிடிப்பேன் என்று ஓடிவந்து, கயிற்றின் நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

“எல, நிறுத்துங்கடே!” என்று கத்தினார் மச்சினன். எட்டுப் பேரும் நின்றார்கள். அவர் குனிந்து, சிறுமியின் கையிலிருந்து சுற்றை அவிழ்த்துவிட்டார்.

“கயித்தப் பிடிக்கணும் தாயி, கையில சுத்தக் கூடாது. பாரம் உன்ன இழுத்தா விட்டுறணும், என்ன?”

அவள் தலையாட்டினாள். உள்ளங்கைக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் வள்ளம் நகர்ந்தது.